செயற்கை விழித்திரைக்கு நிலத்தை விற்கலாமா?

2025 தீபாவளி முடிந்த வாரம். அறுத்த குறுவை நெல்லை ரோட்டோரம் கொட்டிவிட்டு, மழைக்குத் தார்ப்பாய் தேடி எங்கள் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்திலும் சித்தி என் கடைப் படியேறி வந்தார், கையில் போனோடு. யாரோ அனுப்பிய வீடியோ. பார்வை மங்கிப்போன வெளிநாட்டுப் பாட்டி ஒருவர், தடித்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். கண்ணுக்குள் சிப் வைத்திருக்கிறார்களாம்.

“ஏம்ப்பா, இதை நம்ம புள்ளைக்கு வச்சா தெரியுமா? ஒன்பது மா நெலம் கெடக்கு. மூணு மா போனா போவட்டும்.”

எனக்கு மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை. எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவன், அவ்வளவுதான். கண்ணைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனால் அந்தச் சிப் மின்சாரத்தில் ஓடுகிற சாமான். மின்சாரத்தில் ஓடுகிற எதையும் வாங்குவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நாலைந்து மாதம் தேடிப் படித்தேன். இரண்டு கண் டாக்டர்களிடம் கேட்டேன். தம்பியோடு பலமுறை உட்கார்ந்து பேசினேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டு இன்னும் பல குடும்பங்கள் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

தம்பி என்பது சித்தி மகன். வயது 41. சித்தி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பொழுது சாய்ந்தால் இவனுக்கு வரப்பில் கால் நிற்காது. மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகப் போட்டார்கள். சத்துக் குறைவால் வந்ததாக இருந்தால் அதில் தேறியிருக்கும், இது தேறவில்லை. இருபத்தைந்து வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது: ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. டாக்டர்கள் ஆர்.பி. என்கிறார்கள். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வருவது. மரபணுக் கோளாறு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அதே பழுது வந்தால்தான் நோயாக வெளியே தெரியும் என்கிற வகைகள் இதில் நிறைய உண்டு. சொந்தத்துக்குள் கட்டும்போது அந்த இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. சித்தியிடம் இதை இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவில்லை.

இப்போது அவனுக்கு இருப்பது குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றவன், தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் பலகையைத் ‘திருத்துறைப்பூண்டி’ என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டான். படித்து முடித்து ஓர் எட்டு வைத்தவன் காலடியில் படுத்திருந்த நாயின் மேல் விழுந்தான். “போர்டு படிக்கிற ஆளுக்கு நாயி தெரியலியா? காலையிலயே ஊத்திட்டானா?” என்று பின்னால் ஒரு குரல். ஆர்.பி. உள்ளவர்கள் ஆயுள் முழுக்கக் கேட்கிற வசனம் இது.

சரி, சிப்புக்கு வருவோம். மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் கடைக்கு வந்தால் நான் எடுத்த உடனே காயிலைப் பிரிப்பதில்லை. லைனில் கரண்ட் வருகிறதா, ஸ்டார்ட்டர் சரியா, கேபிள் அறுந்திருக்கிறதா, கடைசியில்தான் காயில். கண்ணுக்கும் இதே வரிசைதான். முதல் கேள்வி: எது செத்திருக்கிறது?

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்துக்கானவை சுமார் 12 கோடி, நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமானவை சுமார் 60 லட்சம். அவை வாங்கியதைச் சலித்துச் சுருக்கும் நடு அடுக்கு ஒன்று. அதற்கப்புறம், மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் செல்கள் சுமார் 10 லட்சம். அவற்றின் நார்கள் சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. ஆர்.பி.யில் சாவது ஒளி வாங்கும் செல்கள். பின்னால் இருக்கிற வயரிங் கணிசமாக மிஞ்சியிருக்கும். முதுமையில் மேக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, தேய்வதிலும் அப்படித்தான், ஆனால் அந்த நடுப்பகுதியில் மட்டும். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயில் கேபிளே, அதாவது பார்வை நரம்பே, போய்விடுகிறது. சர்க்கரை முற்றிப் பார்வை போனவர்களுக்கு ரத்தக்குழாய் கசிந்து விழித்திரையே சிதைந்திருக்கும். விழித்திரையில் வைக்கும் சிப், மிஞ்சிய வயரிங்கைத் தட்டி எழுப்பும் வேலையைத்தான் செய்கிறது. வயரிங்கே இல்லாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதில் ஒரு வேதனையான விஷயம் உண்டு. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் மார்க் ஹுமாயூன், தன் பாட்டி சர்க்கரையால் பார்வை இழந்ததைப் பார்த்து இந்த வழிக்கு வந்தவர். அவர் பாடுபட்டு உருவாக்கிய கருவி அந்தப் பாட்டிக்கு உதவியிருக்காது.

கண்புரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். புரை என்பது கண்ணின் லென்ஸ் மங்குவது. இருநூறு வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் புரைக்கு அறுவை செய்து, நோயாளியின் கண்ணை வர்ணத்தில் வரைந்து குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அது காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற சமாசாரம்.

விழித்திரைச் சிப்பில் முதலில் கடைக்கு வந்தது ஆர்கஸ் 2. கலிபோர்னியாவின் செகண்ட் சைட் கம்பெனி செய்தது. 2011-ல் ஐரோப்பாவிலும் 2013-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆர்.பி. முற்றி, வெளிச்சம் இருட்டு தவிர வேறெதுவும் தெரியாதவர்களுக்கானது. கண்ணாடியின் மூக்குப்பகுதியில் ஒரு கேமரா. இடுப்பில் மாட்டுகிற ஒரு பெட்டி. கண்ணாடிக் காதுப்பக்கம் ஒரு காயில், விழியின் மேல் ஒரு காயில். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர் இல்லாமலே மின்சாரமும் செய்தியும் தாவும். டிரான்ஸ்பார்மர் கட்டுகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விழித்திரையின் உள்பக்கம் ஒரு சின்ன ஆணி அடித்து, எலெக்ட்ரோட் எனப்படும் மின்முனைகள் பதித்த தகட்டைப் பொருத்துகிறார்கள்.

அந்தத் தகட்டில் எத்தனை எலெக்ட்ரோட் தெரியுமா? 60. ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து. மார்கழியில் சித்தி வாசலில் வைக்கிற கோலத்துக்கே இதைவிடப் புள்ளி அதிகம். இதில் முகம் தெரியாது. கதவு நிலை எங்கே இருக்கிறது, எதிரில் ஆள் நகர்கிறாரா, வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்கிற அளவுக்குத் தெரியும். சிலர் பெரிய எழுத்துகளைக் கண்டுபிடித்தார்கள். சோதனையில் கிடைத்த மிகச் சிறந்த கூர்மை 20/1260. நல்ல கண் 1,260 அடி தூரத்தில் பார்ப்பதை இவர் 20 அடியில் நின்று பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

ஏன் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது என்று எனக்கும் தோன்றியது. பிரச்சினை மின்சாரத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குள் இருப்பது உப்புத் தண்ணீர். நெருங்கி நெருங்கி எலெக்ட்ரோட் வைத்தால் ஒன்றின் கரண்ட் பக்கத்துப் புள்ளிக்கும் பரவிவிடும். போதாததற்கு, விழித்திரையின் மேல்பக்கத்தில் நரம்பு நார்கள் வாய்க்கால் மாதிரி ஓடுகின்றன. ஓர் இடத்தில் தட்டினால் அந்த வழியாகப் போகிற தூரத்து நாரும் விழித்துக்கொள்கிறது. அதனால் புள்ளியாகத் தெரிய வேண்டியது இழுபட்ட கோடாகத் தெரியும். டி.சி.யாக, அதாவது ஒரே திசையில், கரண்ட் விட்டால் எலெக்ட்ரோட் அரித்துப்போகும், திசுவும் கெடும். ஆகவே போன சார்ஜ் அத்தனையும் அடுத்த நொடித்துணுக்கிலேயே திரும்பி வருகிற மாதிரி மாறி மாறித் தட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரு விழிக்குள், தண்ணீர் புகாமல், வருஷக்கணக்கில் ஓடும்படி செய்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஐந்து எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கே தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

விலை சுமார் 1.5 லட்சம் டாலர். இன்றைய மதிப்பில் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். அறுவை, பயிற்சி எல்லாம் தனி. சித்தியின் மூன்று மா எதற்குப் போதும்?

ஆனால் விலையை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். எங்கள் ஊரில் பவர் டில்லர் வாங்கப் போகிறவர் கேட்கிற முதல் கேள்வி, பெல்ட் அறுந்தால் எங்கே கிடைக்கும் என்பது. ஆர்கஸ் வாங்கியவர்கள் அதைக் கேட்டிருக்க முடியாது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. 2020-ல் பணம் தீர்ந்து ஆட்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. இடுப்புப் பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், கண்ணில் இருக்கும் உலோகம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அலுவலகத்தில் ஆள் இல்லை. அதற்கும் பல வருஷம் முன்பே, நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்மணிக்குக் கருவி கீச்சென்று ஒலித்து நின்றே போனது. அப்புறம் அது ஓடவே இல்லை. செத்த கருவி கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது.

நான் காயில் கட்டிக் கொடுத்த மோட்டார் எரிந்தால் கழற்றிக்கொண்டு இன்னொரு கடைக்குப் போகலாம். இங்கே போக இன்னொரு கடை இல்லை.

ஜெர்மனியின் ரெட்டினா இம்ப்ளான்ட் கம்பெனி வேறு வழியில் போனது. டூபிங்கனில் டாக்டர் எபர்ஹார்ட் ஸ்ரென்னர் குழுவின் வேலை. விழித்திரைக்கு அடியில் 1,500 ஒளி உணரிகள் கொண்ட சிப். வெளியே கேமரா தேவையில்லை. கண்ணை உருட்டினால் பார்வையும் கூடவே திரும்பும். யோசனை அருமை. ஆனால் சிப்புக்கு மின்சாரம் கொண்டுபோக, காதுக்குப் பின்னாலிருந்து தோலுக்கு அடியில் வயர் இழுக்க வேண்டியிருந்தது. 2013-ல் ஐரோப்பிய அனுமதி, 2019-ல் கம்பெனி மூடல். அவ்வளவுதான் கதை.

சித்தி காட்டிய வீடியோ மூன்றாவது கருவியுடையது: பிரைமா. ஸ்டான்போர்டின் டேனியல் பலான்கர் வகுத்தது. 2 மில்லிமீட்டர் சதுரம்; கனம் 0.03 மில்லிமீட்டர், அதில் 378 கட்டங்கள். வயரே கிடையாது. ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டி சோலார் பேனல். கண்ணாடியிலுள்ள கேமரா பார்ப்பதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகக் கண்ணுக்குள் பாய்ச்சுகிறார்கள். அந்த ஒளியே சிப்புக்கு மின்சாரமும் செய்தியும். சிப் உட்காருவது அடிப்பக்கம், நடு அடுக்குச் செல்களை ஒட்டி. மேலே ஓடுகிற நார்களைத் தொடுவதில்லை, ஆகவே கோடு இழுக்கிற தொல்லையும் இல்லை. படித்தபோது, இதுதான்டா வேலை என்று தோன்றியது.

முடிவுகளும் அப்படித்தான். ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்கு வைத்தார்கள். ஒரு வருஷம் முழுக்கத் தொடர்ந்து சோதிக்க முடிந்தது 32 பேரை. அவர்களில் 26 பேருக்குக் கண் பரிசோதனைப் பலகையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். சராசரியாகப் பலகையில் 25 எழுத்து, அதாவது ஐந்து வரி, கூடுதலாகப் படித்தார்கள். கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் பல மாதப் பயிற்சியும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. நிறம் தெரியாது. 19 பேருக்குக் கண் அழுத்தம் கூடுவது போன்ற கடுமையான பின்விளைவுகள் வந்தன. பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் சரியாயின. நேர்மையாகச் சொன்னால், இந்தத் துறையில் இதுவரை வந்ததிலேயே நல்ல முடிவு இதுதான்.

ஆனால் யாருக்கு? 60 வயதைக் கடந்து, மேக்குலா தேய்ந்து, நடுப்பார்வை மட்டும் போனவர்களுக்கு. அவர்களுக்கு ஓரப்பார்வை இயற்கையாகவே இருக்கிறது. நடுவிலுள்ள ஓட்டையைச் சிப் அடைக்கிறது. தம்பி இதற்கு நேர் தலைகீழ். அவனுக்கு ஓரம் முழுக்கப் போய் நடுவில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 2 மில்லிமீட்டர் சிப்பை அந்த நடுவில் கொண்டுபோய் வைத்தால் இருப்பதும் போகும். ஆர்கஸ் கிடைத்திருந்தாலும் அவனுக்கு வைத்திருக்க மாட்டார்கள். பஸ் பலகை படிக்கிற கண்ணுக்கு அது கீழிறக்கம்.

இதைச் சொன்னபோது சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இன்னும் முழுசா போனாத்தான் வைப்பாங்களா?” என்று கேட்டார். ஆர்கஸ் விஷயத்தில் அதுதான் நிஜம்.

ஸ்பேர் கேள்வி இங்கேயும் உண்டு. பிரைமாவைக் கையில் வைத்திருந்த பாரிஸின் பிக்சியம் விஷன் கம்பெனியும் நடுவில் திவாலாயிற்று. 2024-ல் அமெரிக்காவின் சயின்ஸ் கார்ப்பரேஷன் அந்தச் சொத்தை வாங்கித் தொடர்ந்ததால் முடிவுகள் வெளியே வந்தன. வாங்க ஆள் வராமல் போயிருந்தால்? ஆர்கஸ் கதைதான்.

கண்ணை விட்டுவிட்டு நேரே மூளையில் வைக்கும் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் முடிவுக்கு அவை தூரம். பார்வை நரம்பே போன கிளாக்கோமா நோயாளிக்கு இது ஒன்றுதான் வழி. முயற்சி புதிதல்ல, 1968-லேயே இங்கிலாந்தில் பிரிண்ட்லி என்பவர் 80 எலெக்ட்ரோட் வைத்துப் பார்த்தார். செகண்ட் சைட் கம்பெனியே ஒரையன் என்று 60 எலெக்ட்ரோடில் ஆறு பேருக்கு வைத்தது. ஸ்பெயினில் பார்வையிழந்த முன்னாள் ஆசிரியை ஒருவருக்கு 96 எலெக்ட்ரோட் வைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள். சில எழுத்துகளையும் வடிவங்களையும் அவர் கண்டார். ஆராய்ச்சி என்ற அளவில் பெரிய விஷயம். மண்டையைத் திறக்கிற வேலை. கண் கொஞ்சம் மிஞ்சியிருக்கிற ஒருவர் அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து ஊசி வழி. இதில் மூன்று ரகம், மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பணமும் போகும் கண்ணும் போகும்.

முதல் ரகம், கெட்ட மரபணுவுக்குப் பதில் நல்லதை அனுப்புவது. லக்ஸ்டர்னா என்ற மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் ஆர்.பி.இ.65 என்கிற ஒரே ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் செல் உயிரோடு இருக்கும்போதே போட்டால். இரண்டு கண்ணுக்கும் விலை 8.5 லட்சம் டாலர். தம்பிக்கு ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்தோம். அவனுடையது அந்த மரபணு இல்லை. அன்று வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தச் சோதனைக்குச் செலவழித்ததைத்தான் நான் உருப்படியான செலவு என்று சொல்வேன். எது இல்லை என்று தெரிந்தது. எந்த மரபணு என்று எழுத்தில் இருக்கிறது. நாளைக்கு அந்த மரபணுவுக்கு ஒரு மருந்து வந்தால் முதலில் கேட்கப்போகிற காகிதம் இதுதான். தம்பி மகளுக்கு வரன் பார்க்கும்போதும், சொந்தத்தில் வேண்டாம் என்று சொல்ல இனி வீட்டில் வாதாட வேண்டியதில்லை.

இரண்டாவது ரகத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை. பச்சைப்பாசி வகை ஒன்றில் ஒளியைக் கண்டதும் மின்சாரம் விடுகிற புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவை ஊசி மூலம் விழித்திரையில் மிஞ்சியிருக்கும் செல்களுக்கு அனுப்பி, ஒளி வாங்கத் தெரியாத செல்லுக்கு ஒளி வாங்கக் கற்றுக்கொடுப்பது. எந்த மரபணு பழுது என்பது இங்கே பெரிதில்லை. 2021-ல் பாரிஸில் ஜோஸ் அலன் சாஹேலும் போட்டண்ட் ரோஸ்காவும் வெளியிட்ட முடிவில், நாற்பது வருஷமாக ஆர்.பி. இருந்த 58 வயதுக்காரர் ஒருவர், தனிக் கண்ணாடி அணிந்தபடி மேஜை மேலிருந்த நோட்டுப் புத்தகத்தையும் டம்ளர்களையும் கண்டுபிடித்துத் தொட்டார், எண்ணினார். கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது. ஒரே ஒருவர்தான், சரி. ஆனால் இதில் கண்ணுக்குள் உலோகம் இல்லை, கம்பெனி மூடினால் உள்ளே துருப்பிடிக்க ஏதும் இல்லை. கண்ணாடி மட்டும் பழுதாகும். அது வெளியே இருக்கிற சாமான், யாராவது ஒருவர் செய்துவிடலாம். தம்பி மாதிரி ஆட்கள் கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது இதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது ரகம்தான் எங்களைத் தேடி வந்தது. ஒரு நகரத்து கிளினிக், பெயர் வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி, கண்ணுக்கு மூன்று லட்சம், “ஆராய்ச்சியில் இருக்கிற சிகிச்சை, நூற்றுக்கு எண்பது பேருக்குத் தெரிகிறது” என்றார்கள். ஆராய்ச்சி என்றால் பதிவு எண் சொல்லுங்கள் என்றேன். இந்தியாவில் மனிதர்கள் மேல் செய்யும் மருந்துச் சோதனை எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும், யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எண் வரவில்லை, தள்ளுபடி வந்தது. இரண்டரை லட்சமாம். நேர்மையான சோதனையில், சோதிக்கப்படுகிறவரிடம் மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படிக் காசு கொடுத்துத் தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று மூதாட்டிகளுக்கு இருந்த பார்வையும் போன விவரம் 2017-ல் மருத்துவ இதழிலேயே வந்தது. நிலத்தை விற்று இதைச் செய்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் சித்தி முன்பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்.

மிச்சம் இருப்பது வீட்டில் யாரும் கணக்கிலேயே சேர்க்காத வழி. வெள்ளைக்கோல், போன், பயிற்சி.

கோல் என்றதும் சித்தி அழுதார். கோல் பிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது ஒரு பக்கம். கோல் எடுப்பது தோல்வியை ஒத்துக்கொள்வது மாதிரி என்பது இன்னொரு பக்கம். திருவாரூருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன், தியாகராஜர் கைவிட மாட்டார் என்றார். சுந்தரருக்கு வலக்கண் கிடைத்த ஊர் அது என்பதால் அந்த நம்பிக்கை. தம்பிதான் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அவருக்கும் மொதல்ல ஊன்றுகோல்தாம்மா கெடைச்சுது. கண்ணு அதுக்கப்புறம்தான்.”

பயிற்சி என்றால் கோலைக் கையில் கொடுத்து அனுப்புவதல்ல. இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தொட வேண்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம். இது உடம்பில் ஏறவே இரண்டு வாரம் ஆயிற்று. டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்மார்ட்கேன் என்று ஒன்று உண்டு. ஒலி அலை அனுப்பி, எதிரே முட்டிக்கு மேலே தலை உயரம் வரை தடை இருந்தால் கைப்பிடி அதிர்ந்து சொல்லும். 2014-ல் வெளிவந்தபோது விலை 3,000 ரூபாய் அளவில்தான். சன்னல் கதவு, லாரியின் பின்பக்கம், தாழ்ந்த கிளை என்று முகத்தில் அடிப்பவை சாதாரணக் கோலுக்குச் சிக்குவதில்லை, இதற்குச் சிக்கும். போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைத் தமிழில் வைத்துக்கொண்டான். முதல் வாரம் போனைத் தூக்கி எறிந்தான். இப்போது வாட்ஸ்அப்பை என்னைவிட வேகமாகக் கேட்கிறான். அந்த வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது.

வரப்பில் மட்டும் கோல் தோற்றது. சேற்றில் நுனி புதைந்து நிற்கிறது, இழுத்தால் ஆள் சாய்கிறான். அதற்கு வழி கண்டுபிடித்தது அவனேதான். திருவாரூர் கமலாலயக் குளத்தில், பிறவியிலேயே கண் தெரியாத தண்டியடிகள், குளத்துக்குள் ஒரு கழியும் கரையில் ஒரு கழியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து தூர் எடுத்தார் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. கடைசியில் அவருக்குக் கண் கிடைக்கிறது. எங்களுக்கெல்லாம் அந்தக் கடைசிதான் ஞாபகம். தம்பிக்குக் கயிறு ஞாபகம் வந்தது. கொல்லைப்படலிலிருந்து மோட்டார் கொட்டகை வரை மூங்கில் கழி நட்டு இடுப்புயரத்தில் நைலான் கயிறு இழுத்தான். வாய்க்கால் மதகு வருகிற இடத்தில் இரண்டு முடிச்சு, கொட்டகைக்கு நாலு எட்டு முன்னால் மூன்று முடிச்சு. ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது மோட்டார் போடப் போவது இப்போது அவன்தான். இருட்டில் டார்ச் தேடுவது நாங்கள்.

இனி நாங்கள் என்ன செய்தோம் என்பது. நிலத்தை விற்கவில்லை. மரபணுச் சோதனை, மேலே சொன்னேன். ஆர்.பி. உள்ளவர்களுக்குக் கண்புரையும் சீக்கிரம் வருவது சகஜம். ‘எப்படியும் போகிற கண்தானே’ என்று யாரும் அதைப் பார்ப்பதில்லை. தம்பிக்கு வலக்கண்ணில் புரை இருந்தது. எடுத்தோம். குழாய் அகலமாகவில்லை, ஆனால் குழாய்க்குள் இருந்த பனி விலகியது. விழித்திரை வீங்கியிருக்கிறதா என்றும் ஸ்கேன் எடுத்தார்கள். வீங்கியிருந்தால் அதற்கும் மருந்து உண்டாம். அந்த ஸ்கேனை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து ஃபைலில் வைக்கிறோம், பின்னால் இருக்கும் வயரிங் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிவதற்காக. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப்போட்டோம். இத்தனை வருஷம் ஏன் வாங்கவில்லை என்று கேட்காதீர்கள், சித்தியைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். 75 வயது அம்மாவுக்கு மேக்குலா தேய்ந்து, நடுப்பார்வை மட்டும் போயிருந்தால் பிரைமா பற்றிய செய்தியை விடாமல் கவனியுங்கள். ஆனால் பணத்தை எடுப்பது, அனுமதி கிடைத்து, இங்கே பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆள் வந்த பிறகு. இருபது வயதுப் பிள்ளைக்கு இப்போதுதான் ஆர்.பி. என்று தெரிந்திருந்தால் மரபணுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கிளாக்கோமாவென்றால் சிப்பை மறந்துவிட்டு, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். முழுக்கவே பார்வை போன ஆர்.பி.காரருக்கு இன்று கடையில் வாங்கக்கூடிய விழித்திரைச் சிப் எதுவும் இல்லை. யாராவது இருக்கிறது என்றால் பதிவு எண் கேளுங்கள்.

போன வாரம் தம்பி போன் செய்தான். “அண்ணே, கோலு நுனி தேஞ்சு போச்சு, தார் ரோட்டுல கிறீச் கிறீச்ங்குது. அங்க கெடைக்குமா?” மன்னார்குடியில் கோல் நுனி யாரிடமும் இல்லை. நாற்காலிக் காலுக்குப் போடுகிற ரப்பர் புஷ் ஒன்றை ஹார்டுவேர் கடையில் எடுத்து, உள்பக்கம் கொஞ்சம் ராவிப் பார்த்தேன். இறுக்கமாக உட்கார்ந்தது. பதினைந்து ரூபாய். இரண்டாக வாங்கி ஒன்றை அவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பினேன்.